டிராக்டரில் இருக்கை ஒன்றே

சிறுநீரக நோய்களைக் கவனிக்கும் மருத்துவன் டிராக்டரைப் பற்றி எழுதுவது வாசகர் சிலருக்கு வியப்பாக இருக்கலாம். நீரிழிவு, இரத்த அழுத்தம், உப்பின் அளவு, வலி மாத்திரைகளால் வரும் கேடு ஆகியவையே நான் வழக்கமாக எழுதும் பொருள்கள். இம்முறை அவற்றை ஒதுக்கி வைத்துவிட்டு டிராக்டரை எடுத்துக்கொண்டதற்குக் காரணம் ஒரு சிறுவன்.

சில ஆண்டுகளுக்கு முன், நடவுக் காலத்தில், இரவு எட்டு மணியளவில் பதினோரு வயதுச் சிறுவன் ஒருவனைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். குடும்பத்தை எவரும் அடையாளம் காணாதிருக்க ஊரையும் சில விவரங்களையும் மாற்றியே எழுதுகிறேன். வரப்பில் வழுக்கி விழுந்துவிட்டான் என்றார் உடன் வந்த பெரியவர். வலது தொடை வீங்கி, தொட்டால் கல்லைப் போல் இறுகியிருந்தது. எக்ஸ்ரேயில் எலும்பு முறிவு இல்லை. எலும்பு முறியவில்லை என்றதும் வந்தவர்கள் முகத்தில் நிம்மதி தெரிந்தது. காலையில் வீட்டுக்குப் போகலாமா என்றும் கேட்டார்கள்.

நள்ளிரவில் பையனின் சிறுநீர் கருப்பட்டிக் காப்பியின் நிறத்தில் வந்தது. வரப்பில் வழுக்கியவனுக்கு இந்த நிறம் வருவதில்லை. மீண்டும் கேட்டோம், மீண்டும் அதே வரப்பைத்தான் சொன்னார்கள். விடியற்காலையில், மற்றவர்கள் தேநீருக்குச் சென்றிருந்த நேரத்தில், பையனின் தாய் செவிலியரிடம் உண்மையைச் சொன்னார். தந்தை சேற்றுழவு ஓட்டும்போது மகன் பின் சக்கரத்தின் மட்கார்டில் உட்கார்ந்திருந்தான். உட்காரும் இடம் சுடக்கூடாது என்று அதன்மேல் பழைய போர்வையை மடித்துக் கட்டியும் வைத்திருந்தார்கள். வண்டி வரப்பேறியபோது அவன் நழுவி விழ, சக்கரம் தொடைமீது ஏறி நின்றுவிட்டது. சேறு இளகியிருந்ததால் எலும்பு தப்பியது. ஆனால், இன்னொரு டிராக்டர் வந்து இழுக்கும்வரை ஒரு மணி நேரத்துக்கும் மேலாக அவன் கால் அந்தச் சக்கரத்தின் அடியில் இருந்திருக்கிறது.

தசை நீண்ட நேரம் நசுங்கினால் அதன் அணுக்கள் சிதைந்து, உள்ளிருக்கும் பொருள்கள் இரத்தத்தில் கலக்கும். அவற்றுள் இரண்டு கொடியவை. தசையின் சிவப்பு நிறத்துக்குக் காரணமான மயோகுளோபின் என்னும் புரதம் சிறுநீரகக் குழாய்களை அடைத்துக் கெடுக்கும்; கறுத்த சிறுநீர் அதன் அடையாளம். மற்றொன்று பொட்டாசியம். அது திடீரென உயர்ந்தால் இதயத் துடிப்பே நின்றுபோகும். பாரம் மேலே இருக்கும்வரை இவை நசுங்கிய பகுதியிலேயே தேங்கிக் கிடக்கும். பாரத்தைத் தூக்கிய பின்னரே உடலெங்கும் பரவும். அதனால்தான் வண்டிக்கு அடியில் தெளிவாகப் பேசிக்கொண்டிருந்தவர், வெளியே எடுத்த சிறிது நேரத்தில் மயங்கிச் சரிகிறார். 'நன்றாகத்தான் பேசினார், திடீரென்று போய்விட்டார்' என்று உறவினர் சொல்லக் கேட்கும்போது எனக்கு இதுவே நினைவுக்கு வரும். இந்த நோய்நிலையை 1941இல் லண்டன் மருத்துவர்கள் பைவாட்டர்ஸ், பீல் இருவரும் விரிவாக எழுதினார்கள். அவர்கள் கண்டது குண்டுவீச்சில் இடிந்த வீடுகளின் அடியில் சிக்கியவர்களை. 1988இல் ஆர்மீனியாவில் ஏற்பட்ட நிலநடுக்கத்துக்குப் பின், மீட்கப்பட்டோர் பலருக்கு டயாலிசிஸ் தேவைப்பட்டதைக் கண்டு உலகச் சிறுநீரக மருத்துவர்கள் இதற்கெனத் தனிக் குழுவே அமைத்தார்கள். திருவண்ணாமலையைச் சுற்றியுள்ள கிராமங்களில் குண்டும் விழவில்லை, நிலமும் நடுங்கவில்லை. இரண்டு டன் அளவு எடையுள்ள டிராக்டர் இருக்கிறது.

நான் மேற்படிப்புப் படித்த காலத்தில் விபத்து மருத்துவத்துக்கான மேலைநாட்டு நூல்களில் இரண்டு வண்டிகள் அடிக்கடி வரும். ஒன்று பனிமீது சறுக்கி ஓடும் ஸ்னோமொபைல். மற்றொன்று மேடுபள்ளம், சேறு, மணல் எதிலும் ஓடக்கூடிய ஏடிவி. நமக்கென்ன என்று பக்கங்களைப் புரட்டிவிடுவோம். ஏடிவி நம் நாட்டில் பெரும்பாலும் சுற்றுலா இடங்களில் வாடகைக்குக் கிடைக்கும் பொழுதுபோக்கு வண்டிதான். பல ஆண்டுகள் கழித்து அந்தப் பக்கங்களை மீண்டும் படித்தபோது, அவை நம் டிராக்டரைப் பற்றியே எழுதியவைபோல் தோன்றின. மூன்று சக்கர ஏடிவி எளிதில் கவிழ்கிறது என்பதால் 1988இல் அமெரிக்காவில் புதிதாக அவற்றை விற்பது நின்றது. பதினாறு வயதுக்கு உட்பட்டோர் பெரியவர்களுக்கான ஏடிவியை ஓட்டக்கூடாது. ஒருவருக்கென அமைந்த வண்டியில் இன்னொருவரை ஏற்றக்கூடாது. தார்ச்சாலையில் ஓட்டக்கூடாது என்று அந்நாட்டு நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் ஓயாமல் அறிவுறுத்துகிறது. நிலத்துக்கென்று உருவான வண்டியைச் சாலையிலும், ஒருவருக்கென்று உருவான வண்டியில் பலரும், பெரியவருக்கென்று உருவான வண்டியைச் சிறுவனும் பயன்படுத்தும்போதுதான் விபத்து நேர்கிறது.

நம் நாட்டிலும் விதிகளுக்குக் குறைவில்லை. டிராக்டரை ஓட்டுபவர் அதில் வேறெவரையும் ஏற்றவோ, ஏற அனுமதிக்கவோ கூடாது என்று 1989இல் வந்த மத்திய அரசின் சாலை விதிமுறைகளே சொல்லியிருக்கின்றன. மட்கார்டு என்பது சக்கரச் சேறு தெறிக்காதிருக்கப் போட்ட தகடு. அது இருக்கை அன்று. உழவர்களிடம் இதைச் சொன்னால் சிரிப்பார்கள். வயலுக்குச் சோறு கொண்டுவரும் மனைவி, பள்ளியிலிருந்து திரும்பும் பிள்ளை, வழியில் கைகாட்டும் அண்டை வீட்டார் ஆகியோரை ஏற்றாமல் போனால் ஊரில் என்ன பேசுவார்கள் என்பது அவர்கள் கவலை. அந்தக் கவலை எனக்கும் புரிகிறது. இருந்தாலும் நான் சந்தித்த டிராக்டர் விபத்துகளில், ஓட்டியவருக்குக் கீறலும் மட்கார்டில் இருந்தவருக்கு நசுக்கமும் என்பதே மீண்டும் மீண்டும் கண்டது.

உரிமத்தைப் பற்றியும் தெளிவில்லாமல் இருக்கிறார்கள். இரு சக்கர வண்டிக்கான உரிமம் டிராக்டருக்குப் போதாது. 7,500 கிலோவுக்கு மிகாத எடையுள்ள டிராக்டரை 1988ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம் இலகுரக மோட்டார் வாகனமாகவே கருதுகிறது. எனவே கார் ஓட்டுவதற்கு வேண்டிய உரிமமே இதற்கும் வேண்டும். வயது 18 நிறைந்திருக்க வேண்டும். 2019ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பின், உரிமமின்றி ஓட்டினால் 5,000 ரூபாய் அபராதம்; உரிமமில்லாதவரிடம் வண்டியைக் கொடுத்த உரிமையாளருக்கும் அதே அளவு. ஓட்டியவர் 18 வயது நிறையாதவராக இருந்து குற்றம் நேர்ந்தால் பாதுகாவலரோ உரிமையாளரோ பொறுப்பேற்க வேண்டும். மூன்று ஆண்டு வரை சிறையும் 25,000 ரூபாய் அபராதமும் விதிக்கப்படலாம். வண்டியின் பதிவு 12 மாதங்களுக்கு ரத்தாகும். அந்தப் பிள்ளைக்கு 25 வயது வரை உரிமம் கிடைக்காது. 'கிளட்ச் கால் எட்டிவிட்டது, இனி ஓட்டலாம்' என்று பெருமையுடன் சொல்லும் தந்தையரை எனக்குத் தெரியும். கால் எட்டுவது உயரத்தைக் காட்டும். சரியும் வண்டியில் என்ன செய்ய வேண்டும் என்ற முடிவை ஒரு நொடியில் எடுக்கும் முதிர்ச்சியைக் காட்டாது.

உரிமத்தைப் பற்றிய சட்டப்பிரிவு பொது இடத்தையே குறிப்பிடுகிறது. சொந்த வயலில் வந்து எவரும் உரிமம் கேட்கமாட்டார்கள். ஆனால் தொடைமேல் ஏறும் சக்கரத்துக்குப் பட்டா நிலம், புறம்போக்கு என்ற வேறுபாடு கிடையாது.

டிராக்டர் ஏன் கவிழ்கிறது என்பதையும் அறிந்துகொள்ள வேண்டும். அதன் பாரம் உயரத்தில் இருக்கிறது. பின் சக்கரங்கள் பெரியவை, முன்சக்கரங்கள் சிறியவை. சேற்றில் பின் சக்கரம் புதைந்து சுழலாமல் நின்றால், எந்திரத்தின் விசை சக்கரத்தைச் சுற்றமுடியாமல் வண்டியின் மூக்கையே மேலே தூக்கும். ஓரிரு விநாடிகளில் வண்டி பின்புறமாகப் புரண்டு ஓட்டுநர்மீது விழும். புதைந்த வண்டியை மீட்கச் சங்கிலியை அச்சுக்கு மேலே, உயரத்தில் கட்டி இழுப்பது இதைவிட ஆபத்தானது. சங்கிலியை வண்டியின் கீழ்க் கொக்கியில் மட்டுமே கட்ட வேண்டும்; முடிந்தவரை முன்னேறப் பார்க்காமல் பின்னோக்கி எடுக்க வேண்டும். இன்னொன்று, டிராக்டருக்கு இடப் பின்சக்கரத்துக்கும் வலப் பின்சக்கரத்துக்கும் தனித்தனி பிரேக் மிதிகள் உண்டு. வயலின் மூலையில் திரும்ப அது உதவும். சாலையில் ஏறியதும் இரண்டையும் இணைக்கும் பூட்டைப் போடாவிட்டால், அவசரத்தில் ஒன்றை மட்டும் மிதித்ததும் வண்டி ஒரு பக்கமாகச் சுழன்று கவிழும். பூட்டைப் பற்றிக் கேட்டால் 'அது எப்போதோ உடைந்துவிட்டது' என்று பதில் சொன்னவர்கள் பலர். நூறு ரூபாய்க்குள் முடியும் வேலை அது என்று பட்டறைக்காரர் ஒருவர் என்னிடம் சொன்னார்.

சுவீடன் நாட்டில் 1959 முதல் புதிய டிராக்டர்களில் கவிழ்வுப் பாதுகாப்புச் சட்டகம் கட்டாயமாயிற்று. வண்டி புரண்டாலும் ஓட்டுநரைச் சுற்றி உயிர்வாழ இடம் விட்டுவைக்கும் எஃகுக் கூடு அது. அதன்பின் அங்கே கவிழ்ந்து இறப்போர் தொகை வெகுவாகக் குறைந்தது. நம் வயல்களில் காணும் டிராக்டர் பலவற்றில் அது இல்லை. வெயிலுக்குப் போட்டிருக்கும் தகரக் கூரையைப் பாதுகாப்பு என்று எண்ணிவிட வேண்டாம். முட்டை ஓட்டைப் போல் அது நொறுங்கும். சட்டகம் உள்ள வண்டியை வாங்குவோர் இருக்கைப் பட்டையையும் அணிய வேண்டும். பட்டை இல்லாவிட்டால், கூட்டுக்கு வெளியே வீசப்பட்டு அந்தக் கூட்டின் அடியிலேயே சிக்குவார்கள். சேற்றுழவுக்குப் பொருத்தும் கேஜ் வீலைக் கழற்றாமல் தார்ச்சாலையில் ஏறுவோரையும் இங்கே நினைவூட்ட வேண்டும். அந்த இரும்புச் சக்கரம் சாலையைக் கிழிக்கிறது என்பதற்காகத் தடுக்கிறார்கள் என்றே பலரும் எண்ணுகிறார்கள். தாரின்மேல் அதற்குப் பிடிமானமும் இல்லை என்பதைக் கவனிப்பதில்லை.

அடுத்தது இழுவைப் பெட்டி. எங்கள் பக்கத்தில் டிப்பர் என்றே சொல்வார்கள். செங்கம், கலசப்பாக்கம், தண்டராம்பட்டு, கீழ்பென்னாத்தூர்ப் பகுதிகளில் நெல், கரும்பு, மல்லாட்டை எல்லாம் அதில்தான் போகும். நடவாட்களும் அதில்தான் போவார்கள். காதுகுத்து, கூழ் வார்த்தல், பெண்ணழைப்பு என்றால் பாய் விரித்து ஐம்பது பேர் ஏறுவார்கள். பெரும்பாலான டிப்பர்களுக்குத் தனி பிரேக் இல்லை. இறக்கத்தில் முன்னே போகும் டிராக்டரை அது பின்னாலிருந்து தள்ளும். 2022 அக்டோபர் 1 அன்று உத்தரப்பிரதேசத்தின் கான்பூர் மாவட்டத்தில், கோயிலில் முடியிறக்கிவிட்டுத் திரும்பியவர்களின் டிராக்டர் பெட்டி குளத்தில் கவிழ்ந்து இருபத்தைந்து பேருக்கு மேல் இறந்தார்கள். பெரும்பாலோர் பெண்களும் குழந்தைகளும். 2024 பிப்ரவரி 24 அன்று, மாசிப் பௌர்ணமி நாளில், கங்கை நீராடச் சென்றவர்களின் டிராக்டர் பெட்டி அம்மாநிலத்தின் காஸ்கஞ்சு மாவட்டத்தில் குளத்தில் விழுந்து இருபதுக்கு மேற்பட்டோர் மாண்டார்கள். அது வடநாடு என்று தள்ளிவிட முடியாது. 2022 ஏப்ரல் 2, யுகாதி நாள். நம் பக்கத்து ஜவ்வாது மலையில், திருப்பத்தூர் மாவட்டப் பகுதியில், கோயிலுக்கு ஆட்களை ஏற்றிச் சென்ற சிறு சரக்கு வண்டி பள்ளத்தில் உருண்டு பத்துப் பேருக்கு மேல் உயிரிழந்தார்கள்.

பௌர்ணமி என்றதும் நம் ஊர் நினைவுக்கு வராமல் இருக்காது. கிரிவல நாட்களிலும் கார்த்திகைத் தீபத்தன்றும் 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதையில் வாகனங்களைக் கட்டுப்படுத்தி, நகருக்கு வெளியே தற்காலிகப் பேருந்து நிலையங்கள் அமைப்பது மாவட்ட நிர்வாகத்தின் வழக்கம். இலட்சக்கணக்கானோர் வெறுங்காலுடன் நடக்கும் பாதையில் வண்டி வேண்டாம் என்பது எல்லோருக்கும் விளங்குகிறது. ஆனால் பாதைவரை வந்து சேரும் சாலைகளைப் பற்றி நாம் எண்ணுவதில்லை. மலை தெரியும் தூரத்திலிருந்தே ஊர்மக்கள் டிப்பரில் புறப்படுகிறார்கள். இரவு இரண்டு மணிக்குச் சுற்றி முடித்து, கண் சொக்கிய நிலையில் அதே டிப்பரில் திரும்புகிறார்கள். ஓட்டுபவரும் அவர்களுடன் நடந்தவர்தான். எதிரே ஒற்றை விளக்குடன் வரும் இன்னொரு டிராக்டர் மோட்டார் சைக்கிள்போல் தெரியும். பின்விளக்கும் சிவப்புப் பிரதிபலிப்பானும் இல்லாத கரும்பு டிப்பர் சாலையோரம் நின்றால் எவர் கண்ணுக்கும் தெரியாது. மத்திய மோட்டார் வாகன விதிகள் பிரதிபலிப்பானைக் கட்டாயமாக்கியிருக்கின்றன. டிப்பருக்கும் தனிப் பதிவெண் வேண்டும்.

பணத்தைப் பற்றியும் சொல்லியாக வேண்டும்; மருத்துவமனை வாசலில் குடும்பங்கள் உடைந்து போவதை நேரில் காண்பவன் நான். சரக்கு வாகனத்தில் கட்டணமின்றி ஏறிச் சென்றவர்களுக்குக் காப்பீட்டு நிறுவனம் இழப்பீடு தரக் கடமைப்பட்டதன்று என்று உச்ச நீதிமன்றம் 2002இல் ஆஷா ராணி வழக்கில் தீர்ப்பளித்தது. 2007இல் பிரிஜ் மோகன் வழக்கு. செங்கல் சூளைக்கு மண் அள்ளச் சென்ற தொழிலாளி டிராக்டர் பெட்டியில் சென்று அடிபட்டார். வண்டியோ விவசாயப் பயன்பாட்டுக்கென்று மட்டுமே காப்பீடு செய்யப்பட்டிருந்தது. நிறுவனம் பொறுப்பல்ல என்றே நீதிமன்றம் கூறியது. தொழிலாளியின் வறுமையைக் கருதி, முதலில் நிறுவனம் பணத்தைக் கொடுத்துவிட்டுப் பின்னர் உரிமையாளரிடம் வசூலித்துக்கொள்ளலாம் என்று தனி அதிகாரத்தைப் பயன்படுத்தி ஆணையிட்டது. ஆக, உறவுக்காரர்களை இனாமாக ஏற்றிச் சென்ற நல்ல மனிதர், விபத்து நேர்ந்தால் நிலத்தை விற்று இழப்பீடு கட்ட வேண்டிய நிலைக்கு வரக்கூடும்.

இந்த அச்சமே வரப்பில் வழுக்கிய கதைகளைப் பிறப்பிக்கிறது. ஓட்டியவருக்கு உரிமம் இல்லை, ஓட்டியது அண்ணன் மகன், வண்டி முதலாளியுடையது, காவல் நிலையம் போக வேண்டிவரும். ஆகவே மரத்திலிருந்து விழுந்தார், மாடு முட்டியது, படியில் தவறினார் என்று சொல்கிறார்கள். அவர்கள்மீது எனக்குக் கோபம் இல்லை. ஆனால் எங்கள் சிகிச்சை நீங்கள் சொல்லும் முதல் வாக்கியத்திலிருந்தே தொடங்குகிறது என்பதை அறிந்துகொள்ளுங்கள். 'படியில் விழுந்தார்' என்றால் நாங்கள் எலும்பைப் பார்ப்போம். 'சக்கரம் ஏறியது' என்றால் இடுப்பெலும்பையும் மண்ணீரலையும் சிறுநீரையும் இரத்தப் பொட்டாசியத்தையும் பார்ப்போம். நரம்பு வழியாக நீரேற்றுவதை அந்த நிமிடமே தொடங்குவோம். அந்தச் சிறுவனுக்கு முதல் ஒன்பது மணி நேரம் கிடைக்கவேண்டிய நீர் கிடைக்கவில்லை. அதன் விலையாக நான்கு முறை டயாலிசிஸ் செய்ய வேண்டியதாயிற்று. விபத்தை மருத்துவமனை பதிவேட்டில் எழுதுவது எங்கள் கடமை. அதற்காகச் சிகிச்சை ஒரு நிமிடமும் காத்திருக்காது. முதலில் உயிர், பிறகே வழக்கு என்று 1989இல் பரமானந்த் கட்டாரா வழக்கில் உச்ச நீதிமன்றமே தெளிவாக்கியிருக்கிறது. அடிபட்டவரைக் கொண்டுவந்து சேர்க்கும் வழிப்போக்கருக்கு 2019ஆம் ஆண்டுத் திருத்தம் பாதுகாப்பு அளிக்கிறது. சாலை விபத்தாயின், 2021 டிசம்பரில் தொடங்கிய 'இன்னுயிர் காப்போம் - நம்மைக் காக்கும் 48' திட்டத்தில் முதல் 48 மணி நேரச் சிகிச்சை பட்டியலிலுள்ள மருத்துவமனைகளில் கட்டணமின்றிக் கிடைக்கும். சாலை விபத்தை மறைத்து வேறு கதை சொல்பவர் இந்த உதவியையும் இழக்கிறார்.

வண்டிக்கு அடியில் ஒருவர் சிக்கிவிட்டால் முதலில் எந்திரத்தை அணையுங்கள். 108ஐ அழைக்கும்போதே 'டிராக்டருக்கு அடியில் ஆள் சிக்கியிருக்கிறார்' என்று சொல்லுங்கள். எத்தனை மணிக்குச் சிக்கினார் என்பதை ஒருவர் கைப்பேசியில் குறித்துக்கொள்ளட்டும். எங்களுக்கு அது பொன்னான தகவல். வண்டியைத் தூக்குமுன் அது திரும்பச் சரியாதிருக்க மரக்கட்டையோ கல்லோ முட்டுக்கொடுங்கள். சிக்கி நேரமாகிவிட்டது, ஆம்புலன்சு அருகில் வந்துவிட்டது என்றால், நீரேற்றுவதைத் தொடங்கியபின் பாரத்தை அகற்றுவது நலம். ஆனால் மூச்சு திணறினாலோ, மார்பின் மேலோ வயிற்றின் மேலோ பாரம் இருந்தாலோ காத்திராமல் உடனே விடுவியுங்கள். இடுப்பில் அடி என்றால், தொடை எலும்பு இடுப்பில் சேரும் மட்டத்தில் வேட்டியையோ புடவையையோ மடித்துச் சுற்றி இறுக்கிக் கட்டுங்கள். உள்ளே கசியும் இரத்தம் குறையும். வெளியே எடுத்ததும் இளநீர் கொடுப்பது நம் மக்களின் அன்பு. இங்கே அது வேண்டாம். இளநீரில் பொட்டாசியம் மிகுதி. அறுவைச் சிகிச்சை தேவைப்படலாம் என்பதால் வாய்வழி எதுவுமே வேண்டாம். வழியில் எங்கேனும் நிறுத்தி வலி ஊசி போட்டுக்கொண்டு வருவதும் வேண்டாம். நசுங்கிய தசையால் ஏற்கனவே தவிக்கும் சிறுநீரகத்தை டைக்ளோஃபெனாக் போன்ற ஊசிகள் மேலும் கெடுக்கும். வீங்கிய காலில் எண்ணெய் தடவி இறுக்கக் கட்டுப்போட்டால் தசைக்கு இரத்தம் போகும் வழியே அடைபடும்.

அந்தச் சிறுவன் பிழைத்தான். சிறுநீரகம் முழுமையாகத் தேறிவிட்டது. வலது காலைச் சற்றே இழுத்து நடக்கிறான். மூன்றாம் மாதப் பரிசோதனைக்கு வந்தபோது மட்கார்டில் கட்டியிருந்த போர்வையை அவிழ்த்துவிட்டதாகத் தந்தை சொன்னார். வயலுக்குச் சோறு கொண்டுவரப் பழைய சைக்கிள் ஒன்றைப் பழுதுபார்த்துக் கொடுத்திருக்கிறாராம். மறுபடியும் டிராக்டரில் எப்போது ஏறலாம் என்று பையன் என்னைக் கேட்டான். பதினெட்டு வயது நிறைந்து உரிமம் வாங்கிய பிறகு, இருக்கையில் உட்கார்ந்து ஓட்டலாம் என்றேன். இன்னும் எத்தனை ஆண்டுகள் என்று விரலை மடக்கி எண்ணத் தொடங்கினான்.